பொழுதோட, 26 யூனிட்

சித்தூர்
12 ஜூலை 2025, சனிக்கிழமை

நீரஜா அவர்களுக்கு,

உங்கள் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். ஆபீசுக்குப் போன் செய்து என்னைக் கூப்பிடச் சொல்லவும் வேண்டாம். சொல்ல வேண்டியதை இந்த மெயிலில் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை காலை என் நைனா கோவர்த்தனன் நம் டிரஸ்டின் புத்தூர் கிளினிக்குக்குப் போனார். சர்க்கரைக்கு முதல் தடவையாக இன்சுலின் எழுதினார்கள். அன்றைய ஊசியை நர்ஸே போட்டுவிட்டு, நாளையிலிருந்து வீட்டில் போட்டுக்கொள்ளச் சொல்லிப் பெட்டியைக் கொடுத்திருக்கிறார். பெட்டியின் மேல் நம் மென்பொருள் அச்சடித்த சீட்டு. தெலுங்கில் ‘உதயம்’ என்று சரியாகவே இருக்கிறது. நைனாவுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. தமிழில் என்ன இருந்தது தெரியுமா? ‘பொழுதோட, சாப்பாட்டுக்கு முன்னாடி, 26 யூனிட்.’

எங்கள் பக்கத்தில் பொழுதோட என்றால் சாயங்காலம், வெளிச்சம் போவதற்குள். இதை ஜூன் பதினெட்டாம் தேதி நானே உங்களிடம் சொன்னேன். “எங்கூர்ல பொழுதோடன்னா காலைல இல்ல, மாத்திடு” என்றேன். மாற்றிவிட்டேன் என்றீர்கள். நைனா எழுத்தில் இருப்பதை மீறாதவர். அன்றைக்கே ஐந்தரை மணிக்கு இன்னொரு 26 யூனிட் போட்டுக்கொண்டார். “மோட்டார் போட்டுட்டு வந்து துன்றேன்” என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனார். வரப்பில் விழுந்து கிடந்தவரைப் பக்கத்து நிலத்துக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இப்போது திருப்பதியில் ஐசியூவில் இருக்கிறார். இன்னும் கண் திறக்கவில்லை.

ஜூலை நான்காம் தேதி அந்தச் சீட்டு மென்பொருளின் புதுப் பேக்கேஜை பில்ட் செய்து ஒன்பது கிளினிக்குகளுக்கும் அனுப்பியது நீங்கள். அதில் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்து உங்களுடையது. மற்ற கிளினிக்குகளில் சீட்டு அச்சடிப்பதை நிறுத்திவிட்டோம். டிரஸ்ட் இருபத்தெட்டாம் தேதி, திங்கள்கிழமை, விசாரணை வைத்திருக்கிறது. அன்றைக்கே நான் போலீஸ் புகாரில் கையெழுத்துப் போடுவேன். எழுதி வைத்தாகிவிட்டது. உங்கள் பெயர் அதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம்.

கோ. முரளிதரன்


திருப்பதி
13 ஜூலை, ஞாயிறு

முரளி,

‘நீரஜா அவர்களுக்கு’ என்பதைப் பார்த்ததும் வேறு யாருக்கோ போக வேண்டிய மெயில் எனக்கு வந்துவிட்டதோ என்று நினைத்தேன். ஏழு வருஷமாக நீ, வா, போ, அறிவிருக்கா உனக்கு. இப்போது நீங்கள். சரி. உன் நைனா அப்படிக் கிடக்கும்போது உன்னோடு மரியாதைக்காகச் சண்டை போடப் போவதில்லை. நான் நீ என்றே எழுதுகிறேன்.

நேற்று உன் மெயிலைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வார்த்தையை எழுதியவள் நான்தான். ‘காலை’ என்று போட்டால் கவர்ன்மென்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது, ஜனங்கள் பேசுகிற மாதிரி இருக்கட்டும் என்று நானேதான் யோசித்துப் போட்டேன். எங்கள் ஆத்தில் அப்பா மலைக்குக் கைங்கர்யத்துக்குப் போகிறவர். அம்மா முதல் நாளே சொல்லி வைப்பாள், “நாளைக்குப் பொழுதோட எழுந்துக்கோ, அப்பாவுக்குத் தீர்த்தம் கொண்டு வரணும்” என்று. எனக்குப் பொழுதோட என்றால் விடிகாலைதான். ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் அது சாயங்காலம் ஆகிவிடும் என்று தெரியாமல் போயிற்று. தெரியாதது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மாற்றினேன், முரளி. நீ சொன்ன அன்றைக்கே, மத்தியானம் மூன்று பத்துக்கு. ‘பொழுதோட’வை எடுத்துவிட்டு ‘காலையில’ என்று போட்டு கமிட் செய்து பதிந்துவிட்டேன். கிட்டில் போய்ப் பார். யார், எந்தத் தேதியில், எந்த எழுத்தை மாற்றினார்கள் என்று அதில் வரிவரியாக இருக்கும்.

ஜூலை நாலாம் தேதி நான் இங்கிருந்தே சித்தூர் பில்ட் மெஷினுக்குள் லாகின் செய்து, அங்கேதான் பில்ட் போட்டேன். கிட்டில் இருப்பது ‘காலையில’. கிளினிக்குக்குப் போனது ‘பொழுதோட’. நடுவில் என்ன ஆயிற்று? எனக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான். என் லாகினை வியாழக்கிழமையே எடுத்துவிட்டார்கள். அந்த மெஷின் முன்னால் உட்கார முடிந்தவன் நீ ஒருவன்தான். பில்ட் கருவிக்கு எழுதி வைத்திருக்கும் அமைப்புக் கோப்பைத் திறந்து பார். எந்த பிராஞ்சிலிருந்து எடுக்கச் சொல்கிறது, கமிட் ஆகாத மாற்றம் இருந்தால் என்ன செய்யச் சொல்கிறது என்று பார்த்துவிட்டு எழுது. அதற்கப்புறம் உன் புகாரில் என் பெயரை இரண்டு தடவை வேண்டுமானாலும் போட்டுக்கொள்.

ஆஸ்பத்திரி எங்கள் தெருவிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். வராதே என்கிறாய். வரவில்லை.

நீரஜா


சித்தூர்
16 ஜூலை

நீரஜா அவர்களுக்கு,

பார்த்தேன். டெபியன் ஃபோல்டரில் இருக்கும் ஜிபிபி அமைப்புக் கோப்பு. நீங்கள் எழுதியது. மெயின் பிராஞ்சிலிருந்து எடு, கமிட் செய்யாத மாற்றம் ஏதாவது இருந்தால் பில்ட் செய்யாதே என்று இருக்கிறது. ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. உங்கள் ஜூன் பதினெட்டாம் தேதி கமிட்டும் இருக்கிறது.

கமிட் சரி, கருவி சரி என்றால் மிச்சம் இருப்பது பில்ட் போட்ட ஆள்தான். சித்தூர் மெஷினில் போட்டேன் என்கிறீர்கள். அன்றைக்கு உங்கள் தங்கை கௌசிகாவுக்கு நிச்சயதார்த்தம். மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அந்த அவசரத்தில் உங்கள் லேப்டாப்பில் கிடந்த பழைய பிரதியை பில்ட் போட்டு, கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டீர்கள். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. விசாரணையிலும் அதைத்தான் சொல்வேன்.

நைனா நேற்று கண் திறந்தார். என்னைப் பார்த்து, “நீ யாரு, மோட்டார் ஆளா?” என்று கேட்டார்.

முரளிதரன்


திருப்பதி
18 ஜூலை, வெள்ளி

முரளி,

கண் திறந்துவிட்டார். முதலில் அதற்குப் பெருமாளுக்கு ஒரு நமஸ்காரம் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். மோட்டார் ஆள் என்று கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், கேட்கிறாரே.

இப்போது உன் மூளைக்கு வருவோம். நிச்சயதார்த்தத்தைக் கொண்டு வந்து இதில் சொருகியிருக்கிறாய் பார், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிச்சயதார்த்தத்துக்குப் போகிற அவசரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் லேப்டாப்பில் அந்தக் கருவியே இல்லையடா! டிசம்பரில் டிஸ்க் போனதே, நீதானே புதுசு வாங்கிக் கொடுத்தாய். அதில் திரும்பப் போட்டேனா? உனக்கே தெரியும்.

விசாரணைக்குத் தலைவர் டாக்டர் ரோஹிணி நேற்று என்னை வரச் சொன்னார். நல்ல மனுஷி, ஆனால் கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியாது. “எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா” என்றார். இப்படிச் சொன்னேன்: “மேடம், கிட் என்கிறது சமையல் குறிப்பு நோட்டு. ஒவ்வொரு திருத்தமும் யார் செய்தது என்று அதில் இருக்கும். பேக்கேஜ் என்கிறது அந்தக் குறிப்பைப் பார்த்துச் செய்து டப்பாவில் மூடி அனுப்புகிற பண்டம். பில்ட் கருவி சமையல்காரர். மேடை மேல் என்ன கிடந்தாலும் தொடாதே, நோட்டில் இருக்கிறபடி மட்டும் செய் என்று அவருக்கு ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறோம்.” அவர் உடனே கேட்டார், “வேற யாராவது அவருக்கு வேற சீட்டு கொடுத்திருந்தா?”

ஆத்துக்கு வந்து கருவியின் கையேட்டைத் திறந்து படித்தேன். ஐந்து வருஷமாக உபயோகிக்கிறோம், அந்தப் பக்கத்தை இரண்டு பேருமே முழுசாகப் படித்ததில்லை. கருவி ஒரே ஒரு அமைப்புக் கோப்பைப் படித்துவிட்டு நிற்பதில்லை. முதலில் மெஷின் முழுசுக்கும் பொதுவானது, அப்புறம் அவரவர் ஹோம் ஃபோல்டரில் இருப்பது, அப்புறம் நான் எழுதிய டெபியன் ஃபோல்டர் கோப்பு. எல்லாம் முடிந்து கடைசியாக, டாட் கிட் என்கிற மறைந்த ஃபோல்டருக்குள் ஒரு ஜிபிபி கோப்பு இருந்தால் அதையும் படிக்கிறது. கடைசியில் படித்தது எதுவோ அதுதான் செல்லும். அதில் வேறு மாதிரி எழுதியிருந்தால் நான் எழுதியது செல்லாது.

அந்த டாட் கிட் ஃபோல்டருக்குள் இருப்பது கிட்டில் பதிவாகாது. இங்கிருந்து நான் ரெப்போவை, அதாவது அந்த நோட்டு முழுசையும், நூறு தடவை இறக்கினாலும் எனக்கு வராது. அந்த மெஷினில், அந்த ஃபோல்டரில் மட்டும்தான் இருக்கும்.

அப்படி ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார், முரளி. இரண்டு நிமிஷ வேலை. இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி எழுது, நம்புகிறேன்.

நீரஜா


திருப்பதி
24 ஜூலை, வியாழன்

முரளி,

ஆறு நாள் ஆயிற்று. இரண்டு நிமிஷ வேலைக்கு ஆறு நாள்.

நேற்று டிரஸ்ட் செக்ரட்டரி தனசேகர் ஆத்துக்கே வந்துவிட்டார். அப்பா வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார், அந்த ஆளுக்கு முகம் சுருங்கிவிட்டது. கையில் ஒரு பேப்பர். ‘என் கவனக்குறைவால் பழைய பிரதியிலிருந்து பேக்கேஜ் தயாரித்து அனுப்பினேன், பொறுப்பேற்று வேலையிலிருந்து விலகுகிறேன்.’ நான் அதில் கையெழுத்துப் போட்டால் உன்னிடம் பேசிப் புகாரை நிறுத்திவிடுவாராம். “எந்துக்கம்மா போலீஸு, கோர்ட்டு? பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சி இருக்கு” என்று பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் ரொம்பக் கரிசனமாகச் சொன்னார். சனிக்கிழமை வரை டயம் கொடுத்திருக்கிறார்.

அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டால் அப்புறம் எந்தக் கம்பெனியிலும், எந்த ஆஸ்பத்திரியிலும் என்னிடம் யாரும் ஒரு ஃபைலைக்கூடக் கொடுக்க மாட்டார்கள். போடாவிட்டால் ஸ்டேஷன். அம்மா பூஜை உள்ளை விட்டு வெளியே வரவே இல்லை. கௌசிகாவின் மாமியார் வீட்டிலிருந்து போன் வந்தது, என்ன விஷயம் என்று விசாரித்தார்கள்.

கோப்பு இல்லை என்றால் இல்லை என்று எழுதியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். இருக்கிறது, அதனால்தான் நீ பேசவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது, யார் எழுதியது என்று நான் இங்கே உட்கார்ந்து ஊகம் செய்து உன்னைக் குற்றவாளி ஆக்கத் தயாராக இல்லை. நீ எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்ய மாட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வரை மெயிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீரஜா


சித்தூர்
27 ஜூலை, ஞாயிறு

நீரஜா,

அவர்களுக்கு என்று போட எனக்கு அருகதை இல்லை. நீ என்று எழுதவும் இல்லைதான். ஆனால் வேறு எப்படி எழுதுவது?

கோப்பு இருக்கிறது. உன் மெயில் வந்த அன்றைக்கே, பதினெட்டாம் தேதி மத்தியானமே, பார்த்துவிட்டேன். நீ சொன்ன மாதிரி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

மூன்றே வரி. முதல் வரி தலைப்பு. இரண்டாவது, கமிட் ஆகாத மாற்றம் இருந்தாலும் கண்டுகொள்ளாதே. மூன்றாவது, கிட்டிலிருந்து எடுக்காதே, ஃபோல்டரில் கிடக்கிறதை அப்படியே எடுத்துக் கட்டு. உருவாக்கிய தேதி ஏப்ரல் 22. உருவாக்கிய ஆள் முரளி.

ஞாபகம் வந்துவிட்டது. ஏப்ரலில் புத்தூர் பிரிண்டரில் சீட்டு அகலம் பொருந்தவில்லை என்று ஒரு நாள் பூராவும் அடித்து அடித்துப் பார்த்தேனே, அன்றைக்கு. ஒவ்வொரு தடவை அரை மில்லிமீட்டர் மாற்றும்போதும் கமிட் செய், கமிட் செய் என்று கருவி உயிரை எடுத்தது. “மூடிக்கினு வேலய செய்யி” என்று சொல்லிக்கொண்டே அந்த மூன்று வரியை எழுதிப் போட்டேன். சாயங்காலம் எடுத்துவிடலாம் என்றிருந்தேன். அப்புறம் மறந்தே போனேன்.

இன்னும் இருக்கிறது. ஜூன் இருபதாம் தேதி உன் திருத்தத்தை அந்த மெஷினில் இறக்கியபோது இரண்டும் மோதின. நான் அகலத்தை மாற்றியதும் நீ வார்த்தையை மாற்றியதும் ஒரே வரி. எதை வைத்துக்கொள்ளட்டும் என்று கிட் கேட்டது. என் அகலம் போய்விடக்கூடாது என்று என்னுடையதை வைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த வரியில் ‘பொழுதோட’ இருந்தது. வார்த்தையைப் பார்க்கவே இல்லை, கமிட்டும் செய்யவில்லை. உன்னிடம் அந்த வார்த்தை தப்பு என்று சொன்னவனும் நான்தான். சொல்லி இரண்டே நாள்தான் ஆகியிருந்தது.

நீ ஜூலை நாலாம் தேதி சரியாகத்தான் பில்ட் போட்டாய். உன்னைத் தடுத்திருக்க வேண்டிய கருவியின் வாயை நான் முன்னாலேயே கட்டி வைத்துவிட்டேன்.

அன்றைக்கே ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். அழிக்கிற கட்டளையை டைப் செய்து வைத்துவிட்டேன். என்டர் தட்ட வேண்டியதுதான் பாக்கி. கிட்டில் அந்தக் கோப்புக்கு வரலாறு கிடையாது. அழித்துவிட்டால் அப்படி ஒன்று இருந்தது என்று இந்த உலகத்தில் யாராலும் நிரூபிக்க முடியாது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அந்த ஸ்க்ரீனை மூடாமல் ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். பாகாலா தாண்டும்போதெல்லாம் இன்றைக்கு அழித்துவிடலாம் என்று தோன்றும், நைனாவைப் பார்த்ததும் முடியாது என்று தோன்றிவிடும். அவரைக் கீழே தள்ளியவன் நான் என்று எப்படிச் சொல்வேன்? அம்மா போன பிறகு என்னைத் தனியாக வளர்த்தவர். உன்மேல் கோபமாக இருந்தபோது எனக்குத் தெம்பாகக்கூட இருந்தது, நீரஜா. வெட்கம் கெட்ட உண்மை அது.

வியாழக்கிழமை உன் மெயில் வந்தது. வெள்ளி, சனி எழுதி எழுதி அழித்தேன். நேற்று சாயங்காலம் நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்று தனசேகர் போன் செய்தார். “முடிஞ்சிபோச்சி, நிம்மதியா இரு” என்றார்.

இன்று காலை டாக்டர் ரோஹிணி வீட்டுக்குப் போய் அந்தக் கோப்பையும், ஃபோல்டரில் கிடக்கும் சீட்டுக் கோப்பையும், இரண்டின் தேதிகளையும் படம் எடுத்துக் கொடுத்துவிட்டேன். மெஷினைத் தொடாமல் அறையைப் பூட்டிச் சாவியை அவரிடமே கொடுத்தேன். புகாரைக் கிழித்துப் போட்டாயிற்று. நாளைக்கு விசாரணையில் எல்லார் முன்னாலும் சொல்வேன். வேலை போகும். போலீஸ் என்றால் என் பெயர் போகட்டும்.

நைனாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சீட்டு யாரால் தப்பாயிற்று என்று தினமும் கேட்கிறார். எழுதினவங்க மாத்திட்டாங்க, எப்டி திரும்ப வந்துச்சின்னு ஆபீஸ்ல பார்த்துக்கினு இருக்காங்க என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

முரளி


திருப்பதி
29 ஜூலை, செவ்வாய்

முரளி,

டாக்டர் ரோஹிணி நேற்று மத்தியானம் அந்தப் பேப்பரை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அடுப்பில் போட்டேன். நீ அங்கே நின்று சொன்னதை அவர் வாயால் கேட்டேன். உனக்கு ஆறு மாதம் சம்பளமில்லாத விடுப்பு, இனிமேல் தனியாக பில்ட் போடக்கூடாது என்றார்கள் என்றார். தனசேகர் எனக்குப் போன் செய்து, தனக்கு அப்போதே தெரியும் என்றார். நன்றி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மன்னித்துவிட்டாயா என்று நீ கேட்கவில்லை. நல்லதாயிற்று, கேட்காதே. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் பேப்பரில் என் பெயரை எழுதினேன். அதுவரை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மெயிலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதை என்னால் இப்போதைக்கு மறக்க முடியாது. ஒன்பது நாள் முரளி! ஆனால் நீ அந்த என்டரைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் நான் கடைசிவரை என் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு செத்திருப்பேன். அதையும் மறக்க மாட்டேன்.

நீ வராதே என்று சொன்னதை மீறி நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு பக்கம் வாய் கொஞ்சம் கோணியிருக்கிறது, பேச்சு புரிகிறது. நர்ஸ் என்று நினைத்துக் கையை நீட்டினார். நான் முரளியோடு வேலை செய்கிறவள், சீட்டில் தமிழ் எழுதினது நான்தான் என்றேன். சொல்லாமல் அவர் முன்னால் உட்கார முடியவில்லை.

அவர் சொன்னார், “நல்லாத்தாம்மா எழுதிக்கிற. எங்க ஊட்ல பேசற மாதிரியே இருந்துச்சி. டாக்டருங்க எழுதறது ஒண்ணும் புரியாது, யார்னா படிச்சி சொல்லணும். இத நானே படிச்சேன். அதான் யாரையும் கேக்காம போட்டுக்கினேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜனங்கள் பேசுகிற மாதிரி இருக்கட்டும் என்றுதானே அந்த வார்த்தையைப் போட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏம்மா அழுவுற, நான்தான் குந்திக்கினு இருக்கனே” என்றார். அழுததைப் பார்த்து பக்கத்துப் படுக்கைக்காரர் ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

அப்புறம் கேட்டார், “நீ மாத்திட்டன்னு முரளி சொன்னான். அப்பால எப்டி திரும்ப வந்துச்சி அது?” என்று. வார்த்தை என்னுடையது, அதற்கு என்னைத் திட்டுங்கள், மற்றதை முரளி சொல்வான் என்றேன். “அவன் இன்னாத்த சொல்றான், வந்தா தரையப் பாத்துக்கினே இருக்கறான்” என்றார்.

கிளம்பும்போது, “நாளைக்கும் வா, பொழுதோட வா” என்றார். எந்தப் பொழுதோட, எங்கள் ஊருடையதா உங்கள் ஊருடையதா என்று கேட்டேன். கோணின வாயாலேயே சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். நர்ஸ் வந்து என்ன என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இன்றைக்குச் சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் போகிறேன். நீயும் அந்த நேரத்துக்கு வா. நான் படுக்கைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன், பேச மாட்டேன். அவரிடம் நீதான் சொல்ல வேண்டும்.

நீரஜா